கோவாவில் விளையாத கோவா பவுடர்



போன கோடையில் நம் 'பி' பிளாக்கில் நாலைந்து வீடுகளில் படர்தாமரை வந்தது நினைவிருக்கும். "இஸ்திரி போட்டு வரும் துணியிலிருந்துதான் பரவுகிறது" என்று வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதினார்கள். மறுநாளே, இஸ்திரிக்காரர் மாடி ஏறக்கூடாது என்று லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அது இன்றும் அங்கேயே இருக்கிறது. அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. பழைய மருந்துகளின் வரலாற்றைப் படிப்பது ஓய்வுக்குப் பிறகு எனக்குப் பொழுதுபோக்கு. அதில் கிடைத்த ஒரு கதையை உங்களிடம் சொல்ல வேண்டும்.

இந்தப் பழி புதிதல்ல. வெள்ளைக்காரர்கள் நம் வெயிலில் கெட்டித் துணி உடுத்தி வியர்த்தார்கள். தொடையிடுக்கில் அரிப்பு வந்தது. அதற்கு 'டோபி இட்ச்' என்று பெயர் வைத்தார்கள். சலவைத் தொழிலாளி துவைத்த துணியால் வந்ததாம்! உண்மையில் அது பூஞ்சை. வெப்பமும் ஈரமும் சேருகிற தோல் மடிப்புகளில் வளர்வது. செலவு ஒருவருடையது, பற்று எழுதியது இன்னொருவர் கணக்கில்.

அந்த அரிப்புக்கு அன்று பெயர் பெற்ற மருந்து 'கோவா பவுடர்'. எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ குழைத்துத் தடவுவார்கள். பம்பாயில் நல்ல விலைக்கு விற்றது. ஆனால் எதிலிருந்து எடுக்கிறார்கள் என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. கோவாவிலிருந்து வந்ததால் கோவாச் சரக்கு என்றே நினைத்தார்கள்.

கல்கத்தாவில் பல ஆண்டுகள் பணியாற்றிய டாக்டர் ஜோசப் ஃபேரர், 1874-இல் இந்த மருந்தைப் பற்றி ஓர் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். பிரேசில் நாட்டின் பாஹியாவில் இருந்த டாக்டர் டா சில்வா லிமா அதைப் படித்தார். "இது எங்கள் ஊர் அராரோபா பொடி அல்லவா!" என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பாஹியாக் காடுகளில் வளரும் ஒரு பெரிய மரத்தின் தண்டுக்குள், வெடிப்புகளிலும் பொந்துகளிலும் சேரும் மஞ்சள் பொடி அது. போர்த்துகீசியர் வணிகத்தின் வழியாகக் கடல் கடந்து கோவா வந்து, அங்கிருந்து பம்பாய்க்குப் போயிருக்கிறது. 1875-இல் லண்டனில் ஆட்ஃபீல்ட் என்ற வேதியியல் அறிஞர் அதை ஆராய்ந்து, கிரைசோபானிக் அமிலம் என்ற பொருளை அதில் கண்டார்.

பி.காம். படித்தவனுக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கும் பழக்கம் போகாது. அந்தப் பழக்கத்தில் நம் பின்பக்கச் சுவரோரம் நிற்கும் சீமை அகத்தியையும் பார்த்தேன். மெழுகுவத்தி நிறுத்தியதுபோல மஞ்சள் பூ பூக்குமே, அதுதான். படர்தாமரையை வண்டுகடி என்றும் சொல்வதால், இதற்கு வண்டுகொல்லி என்றும் பெயர். பாட்டி காலத்து வைத்தியம் என்கிறோம். ஆனால் 'சீமை' என்ற சொல்லே அது வெளியூர்ச் செடி என்று காட்டிக்கொடுக்கிறது. பூர்வீகம் அமெரிக்க வெப்ப நாடுகள். பிலிப்பைன்ஸில் இதன் பெயர் 'அகாபுல்கோ'. அது மெக்சிகோவின் துறைமுகம். 1565 முதல் 1815 வரை அங்கிருந்து மணிலாவுக்கு ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. கோவா பவுடரில் கண்ட அதே கிரைசோபானிக் அமிலம் இந்த இலையிலும் உண்டு.

கோடையில் பலருக்கு வரும் தேமலும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையால் வருவதுதான். சீமை அகத்தி இலைச் சாறு தேமலுக்குப் பலன் தருவதாக 1994-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதற்காக எல்லாவற்றுக்கும் இலையை அரைக்கக் கிளம்பிவிடாதீர்கள். கோவா பவுடர் தோலை எரித்தது, துணியைக் கறையாக்கியது, கண்ணில் பட்டால் கண் வீங்கியது. செடியிலிருந்து வந்ததாலேயே ஒன்று சாதுவாகிவிடாது. சர்க்கரை நோயாளிகளும், புண் உள்ளவர்களும், அந்தரங்க இடத்தில் அரிப்பு உள்ள பெண்களும் டாக்டரிடம்தான் போக வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வேண்டாம். அரிப்பு அடங்கியதுபோல இருக்கும், பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும்.

வராமல் தடுக்க வழி எளிது. குளித்ததும் மடிப்புகளையும் கால்விரல் இடுக்குகளையும் ஈரம் போகத் துடையுங்கள். தளர்ந்த பருத்தி உடை உடுத்துங்கள். ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். துணியை வெயிலில் காயப்போடுங்கள். சூடான இஸ்திரிப் பெட்டி பூஞ்சையை வளர்க்காது, அழிக்கத்தான் உதவும். அப்படியானால் போன கோடையில் நம் வீடுகளுக்கு நல்லது செய்துகொண்டிருந்தவரைத்தான் நாம் கீழேயே நிறுத்திவிட்டோம்.

பிரேசில் பொடிக்குக் கோவாவின் பெயரை வைத்தார்கள். தங்கள் வியர்வைக்குச் சலவைத் தொழிலாளியின் பெயரை வைத்தார்கள். பொடியின் கணக்கு 1875-க்குள் நேராகிவிட்டது. மற்றது நம் லிஃப்ட் பக்கத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதை எடுக்கச் சொல்லப்போகிறேன். நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.