பறவைகளின் டிஎன்ஏவில் ரெட்ரோவைரஸ் தொடர்கள்

எப்போதோ தொற்றிய ரெட்ரோவைரஸ் பறவையின் இனப்பெருக்க உயிரணுவில் புகுந்து டிஎன்ஏவோடு சேர்ந்துவிட்டால், அது நோயாக அல்ல, மரபாகவே குஞ்சுகளுக்கு இறங்கும். இத்தகைய தொடர்களை உள்ளுறை ரெட்ரோவைரஸ்கள் என்பர். இவற்றைப் பற்றி அறிந்ததில் பெரும்பகுதி கோழியிடம் கற்றதே.

1911இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் பெய்ட்டன் ரௌஸ், பிளைமவுத் ராக் கோழியின் புற்றுக்கட்டியை அரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்த சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. அதற்கான நோபல் பரிசு 1966இல்தான் வந்தது.

அந்தக் கட்டிக்குக் காரணமான வைரஸின் ஆர்என்ஏ, டிஎன்ஏவாக மாறி உயிரணுவில் தங்குகிறது என்று 1964இல் ஹோவர்ட் டெமின் சொன்னதை நம்பியவர்கள் சிலரே. 1970இல் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியை அவரும் டேவிட் பால்ட்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தனர்.

இதற்கிடையே இங்கிலாந்தில் எல். என். பெய்ன், நோயே இல்லாத கோழிக் கருக்களிலும் வைரஸ் புரதத்தைக் கண்டார். அது மெண்டல் விதிப்படி சந்ததிக்குச் சென்றது. ராபின் வைஸும் அதே முடிவுக்கு வந்தார். அவர் எழுதிய கட்டுரையை, நடக்கவே முடியாத காரியம் என்று மதிப்பீட்டாளர் ஒருவர் நிராகரித்தார். வைஸ் ஓயவில்லை. மலேசியக் காடுகளுக்கே போய், வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியைப் பிடித்துச் சோதித்தார். அதனிடமும் வைரஸ் தொடர் இருந்தது. ஆனால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடம் அது இல்லை என்று 1979இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு இனங்களும் பிரிந்த பிறகே, மனிதன் கோழி வளர்க்கத் தொடங்குமுன், வைரஸ் உள்ளே வந்திருக்க வேண்டும்.

இந்தத் தொடர்கள் வெறும் எச்சங்கள் அல்ல. சிலி நாட்டு மாப்புச்சே மக்களின் கோழிகள் நீல முட்டை இடும். சீனாவின் டோங்சியாங் கோழியும் அப்படியே. 2013இல் காரணம் தெரிந்தது: ஈஏவி-ஹெச்பி என்னும் உள்ளுறை வைரஸ், ஒரு குறிப்பிட்ட மரபணுவின் அருகே அமர்ந்து, ஓடு உருவாகும் கருப்பையில் அதை இயங்க வைக்கிறது. பித்த நிறமி ஓட்டில் இறங்கி, உட்புறம்வரை நீலம் ஏறுகிறது. இதில் வியப்பு என்னவென்றால், இரு நாட்டுக் கோழிகளிலும் வைரஸ் செருகிய இடம் வேறு. ஒரே நிறம் இருமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது.

அதே ஈஏவி-ஹெச்பிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1980களின் இறுதியில் பெய்ன் குழு இங்கிலாந்தின் இறைச்சிக் கோழிகளில், புற்றுநோய் உண்டாக்கும் ஜே வகை லூக்கோசிஸ் வைரஸைக் கண்டறிந்தது. அதன் உறைப் புரத மரபணு இந்த உள்ளுறைத் தொடரின் மரபணுவை மிக நெருங்கி ஒத்திருந்தது. 1990களில் பல நாடுகளின் இறைச்சிக்கோழித் தாய்ப்பண்ணைகளில் அந்த நோய் பேரிழப்பை உண்டாக்கியது.