திரையில் ஓடும் காரும் மலைப்பாதையும்

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? சவ்வாது மலையின் வளைவுகளில் ஏறும்போது ஓட்டுநர் அடிக்கடி கியரை மாற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். சமவெளியில் விரைந்து வந்த அதே வண்டி இங்கே தாழ்ந்த கியரில் முனகிக்கொண்டு ஏறுகிறது. பாதைக்கு ஏற்ப வண்டியும் மாறவேண்டும் என்னும் இந்த எளிய உண்மையே, இன்று சிறுவர்கள் விரும்பி ஆடும் கார்ப் பந்தய விளையாட்டுகளுக்கும் அடிப்படையாகும்.

1982-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 'போல் பொசிஷன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் காரைத் திருப்பலாம். இரண்டு கியர்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். காரின் அமைப்பை மாற்ற வழியில்லை. 1980-களின் நடுவில் இங்கிலாந்தின் ஜெஃப் கிராமண்ட் எழுதிய 'ரெவ்ஸ்' ஒரு படி முன்னேறியது. அதில் காரின் முன், பின் இறக்கைகளின் சாய்வை ஆடுபவரே மாற்றியமைக்கலாம். 1997-இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ'வில் கியர் விகிதம், சுருள்வில்லின் விறைப்பு ஆகியவற்றையும் மாற்ற முடிந்தது.

இவற்றை ஏன் மாற்றவேண்டும்? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 முறை சுழல்கிறது. சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் என்று கொள்வோம். எஞ்சின் 4 முறை சுழலும்போது சக்கரம் ஒரு முறை சுழன்றால், காரின் வேகம் மணிக்கு 162 கிலோமீட்டர். அந்த விகிதத்தை 5 ஆக்கினால் வேகம் ஏறக்குறைய 130 கிலோமீட்டராகக் குறையும். ஆனால் சக்கரத்தைத் திருப்பும் விசை நான்கில் ஒரு பங்கு கூடும். நேர்ப்பாதைக்கு முதல் விகிதம் ஏற்றது. வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து மீண்டும் கிளம்பவேண்டிய பாதைக்கு இரண்டாவது ஏற்றது.

இறக்கையின் கதையும் இதுவே. தலைகீழாய்ப் பொருத்திய விமான இறக்கையைப் போன்று, அது காரைத் தரையோடு அழுத்துகிறது. ஆகவே டயரின் பிடிப்பு மிகுந்து, வளைவில் விரைவாகத் திரும்பலாம். ஆனால் காற்றுத் தடையும் உடன் வளர்கிறது. நேர்ப்பாதையில் வேகம் குறைகிறது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கவேண்டும்.

நம் தமிழகப் பந்தயக்காரர்கள் இதைத் திரையில் அல்ல, தரையிலேயே கற்றார்கள். சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் 1950-களிலிருந்து பந்தயங்கள் நடந்தன. பின்னர், இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தனிப் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களை வடிவமைத்த கோவை கரிவரதன் 1995-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பாதை 2003-இல் கோவை செட்டிபாளையத்தில் அமைந்தது. ஓடுபாதையின் நெடுநீளத்துக்கு அமைத்த காரை, வளைவு மிகுந்த பாதைக்கு அப்படியே கொண்டுசெல்ல இயலாது அல்லவா?

இனி, மீண்டும் புதூர்நாட்டுக்கு வருவோம். வேகம் இரு மடங்கானால், வளைவில் வண்டியைத் திருப்பத் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிறது. பாரம் உயரத்தில் இருந்தால் ஈர்ப்பு மையமும் உயர்ந்து, வண்டி எளிதில் கவிழும். சரக்கு வண்டியில் மக்கள் நின்றுகொண்டு செல்லும்போது நேர்வது இதுவே. 2022 ஏப்ரலில் இம்மலைப் பகுதியில், கோயிலுக்கு மக்களை ஏற்றிச் சென்ற சரக்கு வாகனம் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் உயிரிழந்தனர்.

திரையில் கார் கவிழ்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடியும் தொடங்கலாம். அங்கே பத்துமுறை தோற்று நீங்கள் கற்கும் இயற்பியல் விதிகளும், மலைச்சாலையில் செயல்படும் விதிகளும் ஒன்றே. மலைச்சாலையில் மறுதொடக்கம் மட்டும் இல்லை. அடுத்த முறை பேருந்தில் இறங்கும்போது பாருங்கள்: ஏறிய அதே தாழ்ந்த கியரிலேயே ஓட்டுநர் இறங்குவார். எஞ்சினே வேகத்தை அடக்குவதால் பிரேக் சூடேறாமல் காக்கப்படுகிறது. பாதையறிந்து வண்டியை அமைக்கும் கலையில் அவரும் ஒரு வல்லுநரே!