தீயும் எல்லைக்கோடும்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பள்ளித் தாழ்வாரத்தில் நான்கு சிவப்பு வாளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. தீ என்ற எழுத்து அவற்றின்மேல் வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒரு நாள் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதில் மணலே இல்லையே! காகிதக் குப்பைதான் இருக்கிறது" என்றான். எழுத்தர் செய்வார் என்று நான் இருந்தேன். காவலாளி செய்வான் என்று எழுத்தர் இருந்தார். அது தன் வேலை என்று காவலாளிக்கு யாரும் சொல்லவில்லை. வாளி இருந்தது, பொறுப்பு இல்லை. தீயணைப்பின் வரலாறு முழுவதும் அந்தச் சிறுவனின் கேள்வியில் அடங்கியிருக்கிறது என்று பின்னர் எனக்குத் தோன்றியது. தீயை அணைப்பது யாருடைய கடமை? அதற்கான செலவு யாருடையது? இவ்விரு வினாக்களுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்கள் கண்ட விடைகளை இன்று பார்ப்போம்.

அந்நாட்டிலும் கதை வாளியில்தான் தொடங்குகிறது. 1736ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், பிலடெல்பியா நகரில், பெஞ்சமின் பிராங்க்ளினும் அவர் நண்பர்களும் சேர்ந்து யூனியன் தீயணைப்புக் கழகத்தை நிறுவினார்கள். உறுப்பினர் எண்ணிக்கை ஒரு வரம்புக்கு மேற்படக் கூடாது என்பது விதி. ஒவ்வொருவரும் தம் சொந்தச் செலவில் தோல் வாளிகளையும், தீப்பட்ட வீட்டிலிருந்து பொருள்களை அள்ளிச் செல்லப் பைகளையும் கூடைகளையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். மாதக் கூட்டத்திற்கு வராதவர்கள் தண்டம் செலுத்த வேண்டும். அந்தத் தண்டப் பணத்தில் தீயணைக்கும் எந்திரங்களும் ஏணிகளும் வாங்கப்பட்டன. இதைக் கண்டு அந்நகரில் வேறு பல கழகங்களும் தோன்றின. ஊதியம் இல்லை, அரசாங்கமும் இல்லை; அண்டை வீட்டாரின் ஒப்பந்தம் ஒன்றே அடிப்படை.

ஆனால் நகரங்கள் பெருகப் பெருக இந்த ஏற்பாடு போதாமற் போயிற்று. தொண்டர் குழுக்கள் தம்முள் போட்டியிட்டன; தீயை மறந்து தெருவில் கைகலந்ததும் உண்டு. இதற்கிடையே நீராவியால் இயங்கும் தீயணைப்பு எந்திரம் வந்தது. பலர் கூடிக் கையால் இயக்கிய வேலையை அது தானே செய்தது. ஆனால் அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஆட்களும் அதை இழுக்கக் குதிரைகளும் எந்நேரமும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே 1853இல் சின்சின்னாட்டி நகரம் ஊதியம் பெறும் தீயணைப்புப் படையை அமைத்தது. 1858இல் சிகாகோவும், 1865இல் நியூயார்க்கும் அவ்வழியே சென்றன. இவ்வாறு தீயணைப்பு, நகர ஆட்சியின் ஓர் உறுப்பாயிற்று.

இப்போது 1871ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் இரவை எண்ணிப் பாருங்கள். அன்று சிகாகோவில் மூண்ட தீ, ஏறத்தாழ 300 உயிர்களைக் குடித்தது; சுமார் ஒரு லட்சம் மக்களை வீடற்றவர்களாக்கியது. அந்தப் பேரழிவை உலகம் அறியும். அதே இரவில், விஸ்கான்சின் மாநிலத்துக் காட்டுப் பகுதியில் இருந்த பெஷ்டிகோ என்னும் மரத்தொழில் ஊரும் அதைச் சூழ்ந்த பண்ணைகளும் எரிந்தன. அங்கே மாண்டவர்கள் குறைந்தது 1,200 பேர். 2,500 வரை இருக்கலாம் என்று கணிப்போரும் உண்டு. ஆற்றில் இறங்கி நின்றவர்களே பெரும்பாலும் பிழைத்தார்கள். அந்நாட்டு வரலாற்றில் மிகுதியான உயிர்களைக் கொண்ட தீ அதுதான். ஆயினும் சிகாகோவின் புகழ் வெளிச்சத்தில் பெஷ்டிகோ மறைந்துபோயிற்று. அவ்விரவின் கடுங்காற்றில் எந்தப் படையும் அத்தீயைத் தடுத்திருக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் ஒன்று விளங்கியது: தீ நகரத்தின் எல்லைக் கல்லைப் படித்துப் பார்த்து நிற்பதில்லை, நகரத்தின் படைதான் அக்கல்லோடு நின்றுவிடுகிறது.

அந்த எல்லைக்கு அப்பால் வாழும் குடியானவன் என்ன செய்வான்? இதற்கு விடையாகப் பிறந்ததே தீக்காப்பு வட்டாரம். சிகாகோ அமைந்துள்ள இல்லினாய் மாநிலம், 1927இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. நகராட்சி இல்லாத பகுதி மக்கள் விண்ணப்பம் செய்து, வாக்களித்து, தங்களுக்கென ஒரு வட்டாரத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். பிற மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் உண்டு.

நகரத் தீயணைப்புத் துறைக்கும் இவ்வட்டாரத்திற்கும் உள்ள வேறுபாடுகளை மூன்றாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, ஆட்சி. நகரத் துறை, மேயருக்கும் நகர மன்றத்திற்கும் கட்டுப்பட்டது. பல துறைகளுள் ஒன்று. வட்டாரமோ தனக்குத்தானே ஒரு சிறு அரசாங்கம். அதை நடத்தும் குழுவினர் சில மாநிலங்களில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்; சிலவற்றில் நியமிக்கப்படுகிறார்கள்.

இரண்டாவது, பொருள். நகரத்தின் வரிகள் ஒரே கருவூலத்தில் சேர்கின்றன. காவல் துறை, சாலை, பூங்கா ஆகியவற்றோடு தீயணைப்பும் தன் பங்குக்காக வாதாட வேண்டும். வட்டாரம் நிலத்தின்மீதும் வீட்டின்மீதும் விதிக்கும் வரி, அதன் பணிக்கே உரியது. வேறு எவரும் அதில் கை வைக்க இயலாது. ஆனால் ஒரே ஊற்றை நம்பிய கிணற்றுக்குள்ள ஆபத்தும் அதற்கு உண்டு. கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்களித்துச் சொத்துவரியைச் சொத்து மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கட்டுப்படுத்தியபோது, அவ்வரியையே நம்பியிருந்த தீக்காப்பு வட்டாரங்கள் திணறின.

மூன்றாவது, ஆளும் நீரும். நகரத்தில் தெருவுக்குத் தெரு நீர்க்குழாய் உண்டு. நிலையத்தில் ஆட்கள் இரவு பகலாகக் காத்திருப்பார்கள். நாட்டுப்புற வட்டாரத்தில் பெரும்பாலும் தண்ணீரையும் வண்டியிலே சுமந்து செல்ல வேண்டும்; கடைக்காரரும் உழவரும் ஆசிரியரும் அழைப்பு வந்ததும் தம் வேலையை விட்டுவிட்டு ஓடிவரும் தொண்டர்களாக இருப்பார்கள். எனினும் வட்டாரமென்றால் தொண்டர் படையே என்று எண்ணிவிடாதீர்கள். முழுநேர ஊழியர்களைக் கொண்ட பெரிய வட்டாரங்களும் உள்ளன. பெருந்தீ மூண்டால் நகரமும் வட்டாரமும் ஒன்றுக்கொன்று உதவ உடன்படிக்கை செய்துகொள்வதும் வழக்கம்.

இவ்விரண்டும் இல்லாத இடத்தில் என்ன நிகழும்? 2010ஆம் ஆண்டு செப்டம்பரில், டென்னசி மாநிலத்தின் சவுத் புல்டன் என்ற சிற்றூருக்கு வெளியே ஒரு வீடு தீப்பற்றியது. அப்புறநகர்க் குடும்பங்கள் ஆண்டுக்கு 75 டாலர் செலுத்தினால் அந்நகரத்துப் படை உதவிக்கு வரும் என்பது அன்றைய ஏற்பாடு. அவ்வீட்டுக்காரர் அத்தொகையைச் செலுத்தியிருக்கவில்லை. படையினர் வந்தார்கள், கட்டணம் செலுத்தியிருந்த அண்டை வீட்டாரின் நிலத்தைக் காத்தார்கள், எரியும் வீட்டை எரிய விட்டார்கள். இப்பொழுதே பணம் தருகிறேன் என்று வீட்டுக்காரர் கூறியும் பயனில்லை. இச்செய்தி அந்நாடெங்கும் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. படையினரின் நெஞ்சம் கல்லா என்று கேட்டவர்கள் பலர். எல்லோரும் தீப்பற்றிய பிறகே பணம் தருவதென்றால் படையே எப்படி நிலைக்கும் என்று கேட்டவர்களும் உண்டு. இரு கேள்விகளும் நியாயமானவையே.

என் கருத்தைச் சொல்கிறேன். பாதுகாப்பை வேண்டுவோர் மட்டும் வாங்கிக்கொள்ளும் சரக்காக வைத்ததே அங்கு நேர்ந்த பிழை. வரி கொடுக்க நமக்கு மனம் வருந்துகிறது. ஆனால் எல்லோரும் கொடுப்பதால்தான், கொடுக்க மறந்தவன் வீட்டையும் காக்க முடிகிறது. நகரத் துறையாயினும் சரி, வட்டாரமாயினும் சரி, அதன் உட்பொருள் இதுவே.

அன்று மாலையே அந்த நான்கு வாளிகளிலும் மணலை நிரப்பினோம். நிரப்பியதைவிட முக்கியமான வேலை ஒன்றும் செய்தோம்: ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவற்றைப் பார்வையிட வேண்டிய மாணவனின் பெயரைப் பலகையில் எழுதி வைத்தோம். முதற் பெயர் அந்தச் சிறுவனுடையது. உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் சிவப்பு வாளி தொங்குமானால், நாளைக் காலை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.