வரைபடம் யாருடைய உடைமை?
இலத்திரனியல் வடிவமைப்பு மென்பொருள்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கருவியைத் தெரிவு செய்தல் தொழினுட்ப வினாவாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. இலத்திரனியற் சுற்றுகளையும் அவற்றைத் தாங்கும் அச்சிட்ட பலகைகளையும் வடிவமைப்பதற்கு மென்பொருள் தேடுவோர், எத்தனை படைகள் வரையலாம், உறுப்புகளின் நூலகம் எவ்வளவு விரிந்தது, விலை யாது என்றே வினவுவர். இவ்வினாக்கள் அவசியமானவை, ஆயினும் போதியவையல்ல. வரைந்த படத்தை இருபது ஆண்டுகளின் பின்னர் திறக்கும் உரிமை யாரிடம் இருக்கும் என்பதே இவற்றினும் அடிப்படையானது. கடந்த அரை நூற்றாண்டின் வரலாறு இதனைத் தெளிவுறுத்துகின்றது.

1960களில் ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுப் பகுப்பாய்வு நிரல்கள் பல, பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியில் உருவாகின. கதிர்வீச்சைச் சுற்று தாங்குமா எனக் கணிப்பது அவற்றிடம் எதிர்பார்க்கப்பட்ட பணியாகும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில், றொனால்ட் றோரரின் வகுப்பு மாணவர் ஆக்கிய நிரலோ கதிர்வீச்சுக் கணிப்பை விலக்கியது என்பதைத் தன் பெயரிலேயே அறிவித்தது. அதன் வழியில், பேராசிரியர் டொனால்ட் பீடர்சனின் வழிகாட்டலில், லோரன்ஸ் நேகல் ஸ்பைஸ் என்னும் நிரலை உருவாக்கினார். தனியுடைமைக் கட்டுப்பாடுகளின்றி அது பொதுவில் வழங்கப்படல் வேண்டும் என்பதில் பீடர்சன் உறுதியாக நின்றார். 1973 இல் கனடாவின் வாட்டர்லூ நகரில் அறிமுகமான ஸ்பைஸ் பல்கலைக்கழகங்களிற் பரவியது. மாணவர் தாம் கற்ற கருவியைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சென்றனர். 1984 இல் அதன் வழித்தோன்றலான பீஸ்பைஸ் தனியாட் கணினிக்கான விற்பனைப் பொருளாக வெளிவந்தது. பொதுச் செல்வத்தின் மீது சந்தை எழுந்தது.

பலகை வடிவமைப்பின் வரலாறு வேறு வழியிற் சென்றது. முன்னர் ஒளிபுகு தாள்களிற் கறுப்பு ஒட்டு நாடாவினாற் கையால் அமைக்கப்பட்ட தடங்கள், பின்னர் கணினித் திரைக்கு வந்தன. 1981 இல் தோன்றிய மென்ரர் கிராபிக்ஸ், விலையுயர்ந்த அப்பலோ பணிநிலையங்களுக்கு மென்பொருள் ஆக்கியது. 1985 இல் தஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் புரோட்டெல் நிறுவனமும், ஒரேகன் மாநிலத்தில் ஓர்காட் நிறுவனமும், 1988 இல் ஜேர்மனியிலிருந்து ஈகிள் மென்பொருளும் தோன்றித் தனியாட் கணினிக்கு இக்கலையைக் கொண்டுவந்தன. விலை இறங்கியது, பயன்படுத்துவோர் பெருகினர். ஆயினும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கேயுரிய கோப்பு வடிவத்தைக் கொண்டிருந்தது. தொழிற்சாலைக்கு அனுப்பும் கேர்பர் கோப்பு எல்லோர்க்கும் பொதுவான மொழியாயிருக்க, திருத்தத்தக்க மூலப்படம் அதனை ஆக்கிய மென்பொருளுக்குள் அடைபட்டிருந்தது.

இதன் விளைவை ஈகிளின் வரலாறு காட்டும். 80க்கு 100 மில்லிமீற்றர் அளவுக்குட்பட்ட இருபடைப் பலகைகளை வரைய அதன் இலவசப் பதிப்பு இடமளித்தமையால் மாணவரிடையே அது பரவியது. 2009 இல் பிரீமியர் பார்னெல் நிறுவனமும், 2016 இல் ஒட்டோடெஸ்க் நிறுவனமும் அதனை வாங்கின. 2017 இல் ஒருமுறை விலைகொடுத்து வாங்கும் முறை ஒழிந்து, காலத்துக்குக் காலம் செலுத்தும் சந்தா முறை வந்தது. 2026 யூன் 7 உடன் ஈகிள் நிறுத்தப்படும் என 2023 இல் அறிவிக்கப்பட்டது. இலவசம் வேறு, பொதுவுடைமை வேறு என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. எனினும் 6ஆம் பதிப்பு முதல் ஈகிளின் கோப்புகள் எவரும் வாசிக்கத்தக்க உரைவடிவிலிருந்தன. அதனாலேயே அப்படங்களைப் பிற மென்பொருள்களுக்குக் கொண்டுசெல்லல் இயன்றது.

அவ்வாறு அவற்றை ஏற்றுக்கொண்டவற்றுள் கீகாட் முதன்மையானது. 1992 இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஜான்-பியர் ஷராஸ் என்னும் ஆசிரியர் தொடங்கிய மென்பொருள் அது. ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகம் 2011 இல் திறந்த வன்பொருளுக்கான உரிம ஆவணத்தை வெளியிட்டது. ஆனால், வடிவமைப்பைப் பொதுவில் வெளியிட்டும், விலையுயர்ந்த மென்பொருள் இல்லாதோர் அதனைத் திருத்த முடியாதெனின் அத்திறப்பு அரைகுறையானதே. இம்முரண்பாட்டை உணர்ந்த சேர்ன், 2013 முதல் கீகாட்டின் வளர்ச்சிக்கு உதவியது. 2018 இல் வெளிவந்த அதன் 5ஆம் பதிப்பு, ஈகிள் கோப்புகளை ஏற்றதோடு, பேர்க்லி ஸ்பைஸின் வழிவந்த நிரலொன்றையும் தன்னுள் இணைத்துக்கொண்டது.

இதனை வெற்றிக் கதையாக மட்டும் நோக்குதல் தவறாகும். பெருங்குழுக்களின் பணி ஒழுங்குக்கும் உயர்வேகச் சுற்றுகளின் ஆய்வுக்கும் தனியுடைமை மென்பொருள்களை நாடுவோர்க்கு நியாயமான காரணங்கள் உள. பொதுமென்பொருளும் பொது நிறுவனங்களின் உதவி, நன்கொடை, தொண்டர் உழைப்பு ஆகியவற்றிலேயே தங்கியுள்ளது. சிப் வடிவமைப்பிலோ சினொப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களே மேலோங்கியுள்ளன. 2025 மே மாத இறுதியில் ஐக்கிய அமெரிக்க அரசு சீனாவுக்கான இவ்வகை மென்பொருள் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. யூலைத் தொடக்கத்தில் அதனை நீக்கியது. மென்பொருள் உரிமம் அரச அதிகாரத்தின் கருவியாகவும் தொழிற்படும் என்பதை அச்சில வாரங்கள் உணர்த்தின.

வகுப்பறையிற் பழகிய கருவியே தொழிலின் கருவியாகின்றது என்பதை ஸ்பைஸும் ஈகிளும் எதிரெதிர்த் திசைகளில் மெய்ப்பித்தன. ஆதலின் பொறியியல் பீடமொன்று மென்பொருளைத் தெரிவு செய்யும்போது, விலைப்பட்டியலை விரிப்பதற்கு முன்னர் கோப்பின் வடிவத்தை ஆராய்தல் வேண்டும். உரிமம் முடிந்த மறுநாள் மாணவன் தன் படத்தைத் திறக்க முடியாதெனின், அப்படம் என்றுமே அவனுடையதாக இருந்ததில்லை.