பழவேற்காட்டுத் துணியின் மறுபிறவி



பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் சாலையில் திருப்பாலைவனம் என்னும் ஊர் உள்ளது. அதனைக் கடந்து மேலும் சென்றால் ஏரியும், மீனவர் குப்பங்களும், ஒல்லாந்தர் எனப்பட்ட டச்சுக்காரரின் பழைய கல்லறைகளும் தென்படும். இன்று மீனுக்கும் இறாலுக்கும் பெயர்பெற்ற இக்கரை, ஒரு காலத்தில் துணி வாணிகத்தால் உலகப் புகழ் எய்தியிருந்தது. இங்கிருந்து கப்பலேறிய துணி பழசான பின்பு என்னவாயிற்று? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

டச்சுக்காரர் 1610-ஆம் ஆண்டில் இங்கே பண்டகசாலை நிறுவினர். 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். அவர்கள் நாடி வந்தது நம் துணியையே. கீழ்த்திசைத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்குவதற்குச் சோழமண்டலக் கரையின் துணி பொன்னைப்போல் பயன்பட்டது. மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் ‘பெலேக்காட்’ என அழைக்கின்றனர். அது பழவேற்காட்டின் பெயரேயன்றி வேறன்று.

இத்துணியின் பெருமைக்குக் காரணம் யாது? சாயமே முதற்காரணம். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்துவர். படிகாரக் கரைசலால் அதன்மேல் கோலம் தீட்டுவர். பின்பு மணற்பாங்கான நிலத்தில் கிடைக்கும் சாயவேரை இட்டு நீரில் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் செந்நிறம் இழையோடு ஒன்றிவிடும். எத்தனை முறை வெளுத்தாலும் அந்நிறம் எளிதில் மங்காது.

அக்காலத்து ஐரோப்பியருக்கு இது வியப்பாயிருந்தது. தம் நெசவாளருக்குக் கேடு வருமென அஞ்சிய பிரான்சு, 1686-இல் இத்தகைய துணியைத் தடைசெய்தது. இங்கிலாந்தும் 1701-இல் இறக்குமதிக்கும், 1721-இல் உடுப்பதற்கும் தடை விதித்தது. ஆயினும் ஆசை அடங்கவில்லை. கிடைத்த துணியைப் பெண்டிர் பொன்போல் போற்றினர். கட்டில் விரிப்பாக இருந்தது பழசானால் பாவாடையாயிற்று. பாவாடை நைந்தால் நல்ல பாகம் சட்டையாயிற்று. எஞ்சிய துண்டு குழந்தையின் குல்லாயாயிற்று. அருங்காட்சியகங்களில் உள்ள அக்காலச் சட்டைகள் சிலவற்றில், பல சிறு துண்டுகளை இணைத்த தையலை இன்றும் காணலாம். சப்பானியரோ ஒருபடி மேலே சென்றனர். உள்ளங்கையளவு துண்டையும் எறியாமல், தேநீர்ச் சடங்கின் விலையுயர்ந்த சிமிழ்களுக்கு உறையாகத் தைத்தனர்.

இதில் ஓர் உண்மை புலப்படுகிறது. முதலில் நெய்தவனும் சாயமிட்டவனும் செய்த வேலை நன்றாக இருந்தமையால்தான் அத்துணிக்கு மறுபிறவி கிட்டியது. சாயம் போய் இழை விட்ட துணியை எத்தகைய தையற்காரியாலும் புதுப்பிக்க இயலாது.

நம் இல்லங்களிலும் இக்கலை இருந்தது. என் தாயாரின் கண்டாங்கிச் சேலை பழசானபோது அது தங்கைக்குப் பாவாடையாயிற்று. பின்பு தம்பிக்குத் தூளியாயிற்று. இறுதியில் அடுப்படியில் கரித்துணியாயிற்று. சிறுவனாகிய நான் அதை வறுமையின் அடையாளம் எனக் கருதி நாணியதுண்டு. பழவேற்காட்டின் வரலாற்றைப் படித்த பின்னரே, சீமைச் செல்வர் இல்லங்களிலும் இதே வேலை பெருமையாக நடந்தது என அறிந்தேன். அதைச் சொல்லி மகிழ்விக்க அப்போது என் தாயார் உயிருடன் இல்லை.

ஆதலின், மாணவர்களே, ஒரு சேலையையோ சட்டையையோ கழிக்குமுன் அதனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தரையில் உரசும் கீழ்க்கரை முதலில் நையும். முந்தானை பெரும்பாலும் உறுதியாக இருக்கும். அம்முந்தானை ஓர் அழகிய இரவிக்கைக்கோ பைக்கோ போதும். சட்டையின் கழுத்துப்பட்டை தேய்ந்திருந்தால், அதைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைக்கலாம். புதுத்துணி வாங்கும்போதும் இழையையும் சாயத்தையும் பாருங்கள். இரண்டாம் முறை தைக்கத் தகுந்த துணியே முதல்முறை வாங்கத் தகுந்தது.

பழவேற்காட்டுக் கோட்டை இன்று இடிந்து கிடக்கிறது. அங்கிருந்து சென்ற வாணிகர் மறைந்தனர். பெயர் தெரியாத நம் கைவினைஞர் இட்ட செந்நிறமோ கடல் கடந்த நாடுகளில் இன்னும் மங்காதிருக்கிறது.