மண்கோட்டையும் கல்லறையும்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபடுவது தமிழரின் பழைய மரபு. கல்லைத் தேர்ந்து காண்பது முதலாக, அதனை நட்டு வாழ்த்துவது ஈறாக, அதற்குரிய முறைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. அக்கல்லில் வீரனுடைய பெயரும் பீடும் பொறிக்கப்பெற்றன. அவன் வென்றானா, தோற்றானா என்பது பெரிதன்று. எதற்காக நின்றான், எவ்வாறு நின்றான் என்பதே பெரிது. இம்மரபு வழங்கிய நாட்டில், ஒரு போரின் நினைவையே அறவே துடைத்துவிட ஓர் அரசு முயன்றதும் உண்டு. அம்முயற்சி என்ன ஆயிற்று என்பதைப் பழைய திருநெல்வேலிச் சீமையில் இன்றும் நேரில் காணலாம். கயத்தாறு, பாளையங்கோட்டை, பாஞ்சாலங்குறிச்சி ஆகிய மூன்று ஊர்களிலும் நான் கண்டவற்றையும், அவற்றின் பின்னே நிற்கும் வரலாற்றையும் மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் போரின் காரணத்தை அறிதல் வேண்டும். ஆர்க்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் பெருங்கடன் பட்டிருந்தார். 1792-ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, தென்பாண்டிச் சீமைப் பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் உரிமை கம்பெனியின் கைக்குச் சென்றது. வணிகம் செய்ய வந்தவர்கள் வரி தண்டும் அதிகாரிகளாயினர். சில பாளையக்காரர்கள் பணிந்தனர், சிலர் காலம் பார்த்திருந்தனர், சிலர் எதிர்த்தனர். எதிர்த்தவர்களுள் முன்னின்றவன் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரனாகிய வீரபாண்டிய கட்டபொம்மன். 1799-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மன் தலைமையில் கம்பெனிப் படை அவனது கோட்டையைத் தாக்கியது. கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினான், புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் பிடிபட்டான், கயத்தாற்றுக்குக் கொண்டுவரப்பட்டான்.

திருநெல்வேலியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ஆம் நாள், பாளையக்காரர்கள் பலரைக் கூட்டி வைத்து, அவர்கள் கண்முன்னே கட்டபொம்மனை விசாரித்து, அன்றே புளியமரம் ஒன்றில் தூக்கிலிட்டனர். மற்றவர்கள் கண்டு அஞ்சவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் மறுநாள் பானர்மன் தன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் வேறொன்றைச் சொல்கின்றது. விசாரணை முழுவதிலும் அவன் சிறிதும் அஞ்சாமல் நின்றான் என்றும், எட்டயபுரத்துப் பாளையக்காரரை வெறுப்போடு நோக்கினான் என்றும், தூக்குமரத்துக்கு நிமிர்ந்து நடந்து சென்றான் என்றும் அக்கடிதம் கூறுகின்றது. வாய் பேச இயலாத தன் தம்பியைப் பற்றி மட்டுமே அவன் கவலை கொண்டானாம். கோட்டையை விட்டு வந்ததை எண்ணி வருந்தி, அதனைக் காத்து நின்று அங்கேயே மடிந்திருக்கலாம் என்றானாம். பகைவன் கையால் எழுதப்பட்டது என்பதனாலேயே இச்சான்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

அந்த இடத்தைக் கடந்து சென்ற வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லை இட்டுச் சென்றனர் என்றும், அவ்வாறு இட்ட கற்கள் நாளடைவில் குவியலாய் உயர்ந்தன என்றும் அவ்வட்டாரத்தில் சொல்லி வருகின்றனர். எழுத்துப் பொறிக்க அஞ்சிய காலத்தில் எழுத்தில்லாமலே எழுந்த நடுகல் அது! 1959-இல் வெளிவந்த திரைப்படத்தில் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன், 1970-இல் கயத்தாற்றில் அவ்வீரனுக்குச் சிலை நிறுவினார். பிற்காலத்தில் அரசு மணிமண்டபமும் எழுப்பியது. சிலையும் மண்டபமும் நம் காலத்தன. ஆனால் பெயர் அறியாத வழிப்போக்கர் இட்ட முதற்கல்லே அவற்றுக்கு அடிப்படை என்று நான் கருதுகின்றேன்.

கயத்தாற்றிலிருந்து தெற்கே வந்தால் தாமிரபரணி நம்மை எதிர்கொள்கின்றது. பொதிகையிற் பிறந்து, பாபநாசத்தில் சமவெளி கண்டு, வயலும் வாழையும் தழைக்கச் செய்து, திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே அது செல்கின்றது. மேற்கே நெல்லையப்பர் கோயில்; அதன் இசைத்தூண்களையும் தாமிர சபையையும் காண்பவர் அங்கிருந்து எளிதில் அகலார். ஆற்றின் கிழக்கே பாளையங்கோட்டை. இன்று கல்விக்கூடங்களால் பெயர் பெற்ற அவ்வூர், அன்று கம்பெனியின் படைத்தளம். கோட்டை மதிலின் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. எஞ்சிய பகுதிகளை ஊரின் நடுவே கடைகளுக்கும் வீடுகளுக்கும் இடையில் தேடித்தான் காணவேண்டும்.

கட்டபொம்மனின் தம்பியாகிய ஊமைத்துரையை இக்கோட்டையில்தான் சிறை வைத்திருந்தனர். 1801-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், மாறுவேடம் பூண்டு வந்த அவனுடைய ஆட்கள் காவலரைத் தாக்கிச் சிறையை உடைத்து அவனை மீட்டுச் சென்றனர். அவ்வேளையில் ஆங்கிலேயர்கள் மேஜர் மெக்காலேயின் இல்லத்தில் விருந்துண்டுகொண்டிருந்தனர் என்று, அவர்களுள் ஒருவனான ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளான். சில நாட்களிற் படையோடு பாஞ்சாலங்குறிச்சியை அடைந்த மெக்காலே திகைத்து நின்றான். இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை மீண்டும் எழுந்து நின்றது!

பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் வழியில் உள்ள சுலோசன முதலியார் பாலத்தையும் ஒரு கணம் நின்று பார்க்கவேண்டும். முற்காலத்தில் மக்கள் ஆற்றைக் கடக்கப் பெரிதும் இடர்ப்பட்டனர். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பணிபுரிந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து இப்பாலத்தைக் கட்டுவித்தார். 1843-இல் அது திறக்கப்பட்டது. இலண்டன் மாநகரத்து வாட்டர்லூ பாலத்தை முன்மாதிரியாகக் கொண்டது என்பர். அந்த இலண்டன் பாலம் 1815-இல் நெப்போலியனை வென்ற போரின் பெயரைத் தாங்கியது. நெல்லைப் பாலமோ ஊராருக்கு உதவிய ஒருவரின் பெயரைத் தாங்குகின்றது. பழைய வாட்டர்லூ பாலம் இருபதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வேறு பாலம் எழுந்தது. நெல்லைப் பாலம் இன்றும் மக்களைச் சுமந்து நிற்கின்றது. போர் மட்டுமே நினைவுச் சின்னத்துக்கு உரியது அன்று என்பதை இது நமக்குச் சொல்லாமற் சொல்கின்றது.

பாஞ்சாலங்குறிச்சி கிழக்கே ஒட்டப்பிடாரத்துக்கு அருகில் உள்ளது. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இப்பகுதி இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆற்றங்கரையின் பசுமை இங்கே இல்லை. கரிசல் மண்ணும் உடைமரங்களுமே கண்ணுக்குப் படுகின்றன. பழைய கோட்டை கல்லால் ஆனதன்று. சுமார் 500 அடி நீளமும் 300 அடி அகலமும் உடைய மண்கோட்டை. ஆயினும் அம்மண் மிக இறுகியது. 1801 மார்ச் 31-இல் மெக்காலே நடத்திய தாக்குதலை அது தாங்கி நின்றது; கம்பெனிப் படை பேரிழப்புடன் பின்வாங்கியது. பின்னர்க் கர்னல் அக்னியூ பெரும்பீரங்கிகளுடன் வந்து, மே 24-இல்தான் அதனைப் பிடிக்க முடிந்தது. ஊமைத்துரை தப்பிச் சென்று மருது சகோதரர்களுடன் சேர்ந்தான். மீண்டும் பிடிபட்டு, அவ்வாண்டு நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டான்.

வென்றவர்கள் கோட்டையை இடித்ததோடு அமையவில்லை. அவ்விடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்பர். பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயரையே அரசாங்கக் கணக்குகளிலிருந்து நீக்கினர். ஆனால் கணக்கேட்டில் இல்லாத பெயர் கதைப்பாடலில் வாழ்ந்தது. கும்மியிலும் கூத்திலும் வாழ்ந்தது. அக்கதைப்பாடலைப் பின்னாளில் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்தார். 1974-இல் தமிழ்நாடு அரசு இங்கே நினைவுக்கோட்டை ஒன்றை எழுப்பியது. அதன் சுவரோவியங்கள் போர்க்கதையைக் காட்டுகின்றன. அருகில் சக்கம்மாள் கோயில் உள்ளது. பழைய கோட்டையின் அடித்தளங்களும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

இவ்வட்டாரத்தில் ஆங்கிலேயரின் கல்லறைகளும் உள்ளன. 1799, 1801 ஆகிய ஆண்டுகளின் போர்களில் மாண்ட கம்பெனி வீரர்கள் அங்கே துயில்கின்றனர். நினைவுக்கோட்டையைக் காண வருவோர் பலர் அவற்றை நாடுவதில்லை. நான் அங்கு நின்றபோது என் உள்ளத்தில் பகை எழவில்லை. ஒரு கேள்வியே எழுந்தது. வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. அவர்களோடு வந்து மடிந்த நம் நாட்டுச் சிப்பாய்களின் பெயர்கள் எங்கே? கோட்டைக்குள்ளே மடிந்தவர்களின் பெயர்கள் எங்கே? இருபுறமும் தமிழ் பேசியவர்கள் நின்றார்கள் என்பது இப்போரின் கசப்பான உண்மை. அதனை மறைத்துவிட்டு வரலாறு கற்றல் இயலாது.

பெயரற்றவர்களுள் ஒருத்தியை மட்டும் வெல்ஷின் நூல் நமக்குக் காட்டுகின்றது. கோட்டை வீழ்ந்த பின், முதியவள் ஒருத்தி போர்க்களத்திலே தன் மகனைத் தேடி அலைந்தாள். குற்றுயிராய்க் கிடந்த மகனைக் கண்டு அவனை எடுக்க முனைந்தாள். மகனோ, தான் இறப்பது உறுதி என்றும், அருகே காயமுற்றுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படியும் வேண்டினான். அத்தாய் பெற்ற மகனை விட்டு, தலைவனைச் சுமந்து தன் ஊருக்குக் கொண்டு சென்றாள். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்கள் அணுகியபோது, அவனைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று கூறி ஒப்பாரி வைத்தனர். வந்தவர்கள் அஞ்சி ஓடினர். இத்தாயின் பெயரை எந்தக் கல்லும் தாங்கவில்லை. மகனின் பெயரையும் தாங்கவில்லை. ஆயினும் இப்போரில் இவளுக்கு நிகரான வீரம் எது?

எட்டயபுரம் அன்று கம்பெனிக்குத் துணை நின்றது. அதனால் அவ்வூரை இன்றும் பழிப்பார் உளர். ஆனால் 1882-இல் அதே எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்தார். கோட்டை தாக்கப்பட்ட அதே செப்டம்பர் 5-ஆம் நாளில், 1872-இல், ஒட்டப்பிடாரத்தில் வ. உ. சிதம்பரனார் பிறந்தார். இவ்விருவரும் நண்பர்களாய் நின்று ஒரே விடுதலைக்காகப் பாடுபட்டனர். முன்னோரின் பிழை மண்ணில் ஒட்டிக்கொள்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாணவ நண்பர்களே! நினைவுச் சின்னங்களைக் காணச் செல்லும்போது, அங்கே எழுதியிருப்பதைப் படியுங்கள். பின்னர், எழுதாமல் விடப்பட்டது யாது என்றும் கேளுங்கள். நாட்டின் தலைவன் யார் என்று சிலை சொல்லும். பகைவன் யார் என்று கல்லறை சொல்லும். ஆனால் தலைவனைச் சுமந்து சென்ற தாயையும், வழியோரத்தில் கல்லிட்டுச் சென்ற எளியவரையும் ஊராரின் நாவிலும் பழைய ஏடுகளிலும்தான் தேடிக் காணவேண்டும். உங்கள் ஊரிலும் அத்தகைய ஒருவர் இருந்திருப்பார். முதியோரைக் கேட்டு, அவர் பெயரை எழுதி வையுங்கள். அதுவே நீங்கள் நடும் நடுகல்.