தொடுதிரையும் திரைவாசிப்பானும்

திரையில் தோன்றும் எழுத்துகளையும் பொத்தான்களையும் செயற்கைக் குரலில் சொல்லிப் பார்வையற்றோருக்குத் துணைநிற்கும் மென்பொருள் திரைவாசிப்பான் எனப்படுகிறது. 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சர் டாஸ் கணினிக்காக அதை உருவாக்கியபோது, 80 எழுத்து அகலமும் 25 வரியும் கொண்ட அக்காலத் திரையின் ஒவ்வோர் எழுத்தும் நினைவகத்தில் எழுத்தாகவே இருந்தமையால், அதை எடுத்துக் குரலாக்கினால் போதுமானதாக இருந்தது. சாளரங்களும் படங்களும் நிறைந்த வரைகலைத் திரை வந்தபின், எழுத்துகளும் புள்ளிக் கூட்டங்களாகவே வரையப்பட்டதால், அவற்றை மீட்டுப் படிக்கும் வழிகளைப் புதிதாகக் காண வேண்டியிருந்தது.

கைப்பேசியின் தொடக்கக் காலம் இதைவிட இணக்கமானது. சிம்பியன் கைப்பேசிகளில் டாக்ஸ், மொபைல் ஸ்பீக் போன்ற திரைவாசிப்பான்களைப் பயன்படுத்தியோர், 5ஆம் எண் விசையின்மேல் இருந்த சிறு புடைப்பைத் தடவி அறிந்து, அதைக் கொண்டே மற்ற எண்களின் இடத்தைக் கணித்தனர். எனினும் அம்மென்பொருள்களைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது பலருக்கும் பெருஞ்சுமையாக இருந்தது.

2007இல் ஐஃபோன் வெளிவந்தபோது, விரலுக்கு எதுவும் தட்டுப்படாத வழவழப்பான கண்ணாடியில் அந்தப் புடைப்புக்கு இடமில்லாமல் போயிற்று. தொட்டவுடன் செயல் நிகழ்ந்துவிடும் திரையில், பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்காக விரல் வைப்பவர் தம்மை அறியாமலே எவரையேனும் அழைத்துவிடக்கூடும். ஆகவே, தேடுவதையும் இயக்குவதையும் வெவ்வேறு செயல்களாகப் பிரிப்பதே தீர்வாயிற்று. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஸ்லைடு ரூல் என்னும் முறையில், ஒரு விரல் திரையை வருடும்போது அதன்கீழ் உள்ளவை குரலாக ஒலிக்க, இரண்டாம் விரலால் தட்டினால் அது தேர்வாயிற்று. 2009இல் ஐஃபோன் 3ஜிஎஸ் கைப்பேசியோடு வந்த வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பானில், விரல் பட்ட பொத்தானின் பெயர் முதலில் ஒலிக்கும்; பின்னர் இருமுறை தட்டினால்தான் அது இயங்கும். கைப்பேசியை வாங்கும் எவருக்கும் தனிக் கட்டணமின்றி இவ்வசதி கிடைத்தது, தொழில்நுட்பத்திற்கு இணையான திருப்புமுனை என்றே கருதத்தக்கது.

அதே ஆண்டில் கூகுளின் ஆண்ட்ராய்டு 1.6, டாக்பேக் என்னும் திரைவாசிப்பானோடு வெளிவந்தது. கூகுளில் இத்துறையில் பணியாற்றிய டி. வி. ராமன், பதின்பருவத்தில் பார்வையை இழந்தவர். எண்களை அழுத்துவதற்காக அவரும் சார்லஸ் சென்னும் வகுத்த முறையில், திரையில் விரல் எங்கே பதிகிறதோ அவ்விடமே 5 ஆகிவிடும். மேல்நோக்கி நகர்த்தினால் 2, கீழ்நோக்கி நகர்த்தினால் 8 எனப் பிற எண்கள் அதைச் சுற்றி அமையும். கண்ணாடி பறித்துக்கொண்ட புடைப்பை விரலிடமே திருப்பித் தந்த இந்த நுட்பம் உண்மையிலேயே வியப்புக்குரியது. ஆயினும், திரை முழுவதையும் வருடிக் கேட்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2011இல் வந்த 4.0 பதிப்பில்தான் அமைந்தது.

தமிழுக்கு இவ்வரலாற்றில் ஓர் இடர் கூடுதலாக இருந்தது. திரைவாசிப்பான் எழுத்தின் வடிவத்தைக் காண்பதில்லை. அதற்குரிய குறியெண்ணையே படிக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குறியெண்களாகவே இருந்ததால் பொருளற்ற ஒலிக்கோவையாக ஒலித்தது. தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியெண்கள் தரும் ஒருங்குறி பரவியதும், ஈஸ்பீக் போன்ற கட்டற்ற ஒலிப்பான்களில் தமிழ் சேர்ந்ததும் இந்நிலையைப் பெரிதும் மாற்றின. எனினும் பக்கங்களைப் படமெடுத்துச் சேர்த்த மின்னூல்களில் எழுத்தே இல்லாமையால், எழுத்துணரி கொண்டு உரையாக மாற்றும்வரை அவை கைப்பேசியில் ஒலிப்பதில்லை.